கும்மிடிப்பூண்டியின் வகுபடாமை: 601201 குறித்து ஓர் ஆய்வு

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையைப் பற்றி எழுதியவர்கள் எல்லாரும் உருக்காலைப் புகையோடு நின்றுவிட்டார்கள். டெலிவரி சலானில், கார்பன் மை கலங்கி, முகவரியின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஆறு இலக்கங்களை ஒருவரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. 601201.

சிப்காட் நிறுவனம் தொடங்கியது 1971. அதற்கு ஒரு வயது இளையது பின்கோடு. 1972 ஆகஸ்ட் 15 அன்று வந்தது. வகுத்தவர் ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர், சமஸ்கிருதக் கவிஞரும்கூட. முதல் இலக்கமான 6 தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் பொது. கடைசி மூன்றும் அஞ்சலகத்தைச் சுட்டும். எண் பகா எண்ணாக இருக்க வேண்டும் என்று அஞ்சல்துறையை யாரும் கேட்கவில்லை. ஆனாலும் அமைந்துவிட்டது.

நிரூபணம் வருமாறு. 601201-இன் வர்க்கமூலம் 775-ஐச் சற்றே தாண்டும். அதற்குட்பட்ட 137 பகா எண்களாலும் வகுத்துப் பார்த்தாயிற்று, ஒன்றுக்கும் மசியவில்லை. 167 மட்டும் வயிற்றில் புளியைக் கரைத்தது. 167 × 3600 = 601200. மீதி ஒன்று. அந்த ஒன்று இல்லையேல் ஊர் மானம் கப்பலேறியிருக்கும்.

அக்கம்பக்கத்து நிலைமை பரிதாபம். மீஞ்சூர் 601203, மூன்றிலேயே விழுந்துவிடும். பொன்னேரி 601204 இரட்டைப்படை. அதற்கு மேல் சொல்வது நாகரிகமல்ல. எல்லை தாண்டிய சூளூர்ப்பேட்டை, ராக்கெட் விடும் ஊருக்குப் பக்கத்திலிருந்தும் 524121, அதுவும் மூன்றால் வகுபடும். மாவட்டத் தலைநகரான திருவள்ளூரோ 602001, ஒன்பது வகுத்துவிடும். கலெக்டர் அலுவலகம் அங்கே இருப்பது எந்த அடிப்படையில் என்பது தனி ஆய்வுக்குரியது.

ராமானுஜனின் 1729-ஐ இழுப்பவர்கள் இருப்பார்கள். ஹார்டி ஏறிவந்த டாக்ஸியின் எண், இரு கனங்களின் கூட்டாக இரண்டு விதத்தில் எழுதலாம், எல்லாம் சரி. ஆனால் 7, 13, 19 மூன்றும் அதை வகுக்கும். நம்முடையது நான்கால் வகுத்தால் மீதி ஒன்று தரும் பகா எண். அத்தகைய எண்ணை இரு வர்க்கங்களின் கூட்டாக ஒரே ஒரு விதத்தில்தான் எழுத முடியும் என்பது ஃபெர்மா காலத்துச் சங்கதி. போட்டுப் பார்த்தால் 775² + 24². 24 எங்கிருந்து வந்தது என்று மூன்று ஷிப்ட் ஓடும் எந்த ஆலையின் வாட்ச்மேனும் சொல்வார். 775-க்கு நிதி ஒதுக்கினால் பார்க்கலாம்.

முடிவாக, லாரியில் சரக்கு அனுப்பப் போடும் இ-வே பில். இரண்டு பின்கோடுகளைக் கொடுத்தால் தூரத்தைக் கணினியே போட்டுவிடும். இரண்டும் ஒன்றாகவே இருந்தால், 100 கிலோமீட்டர் வரை நாமே போட்டுக்கொள்ளலாம் என்பது விதி. ஆக, 601201-லிருந்து 601201 அதிகபட்சம் 100 கிலோமீட்டர். தனக்குத் தானே இவ்வளவு தள்ளியிருக்கும் ஊர் யூக்ளிடின் வடிவியலில் இல்லை. லாரி வாடகை பேசுகிறவர்கள் இதை இன்னும் படித்துப் பார்க்கவில்லை. தயவுசெய்து யாரும் சொல்லிவைக்க வேண்டாம்.