மடியில் ஓர் உலைக்களம்

1831இல் மின்தூண்டலைக் கண்டபோது ஃபாரடே கையில் இரும்பு வளையமும் செப்புக்கம்பியும் இருந்தன. கணிதம் அவ்வளவாக இல்லை. இன்றைய பொறியாளரிடம் அதைத் திரையிலேயே நடத்திப் பார்க்கும் எல்மர் என்ற மென்பொருள் இருக்கிறது, இரும்புதான் இல்லை.

திரையில் எஃகுக் கட்டி, சுற்றிலும் சுருள், 10 கிலோஹெர்ட்ஸ் மின்சாரம். பட்டனைத் தட்டியதும் கட்டி சீராகச் சிவக்கிறது, அழகுதான். ஆனால் அந்த அதிர்வெண்ணில், சூட்டை உண்டாக்கும் சுழல்மின்னோட்டம் எஃகுக்குள் கால் மில்லிமீட்டர் இறங்கினாலே அதிகம். கணக்குக்காகக் கட்டியைத் துண்டுகளாகப் பிரிக்க நம்மவர் விரித்த வலையின் கண்ணோ 5 மில்லிமீட்டர். கொசு பிடிக்க மீன்வலை!

வலையை நெருக்கினால் கணினியின் ஃபேன் அலறுகிறது. சுமார் 770 டிகிரி செல்சியஸில் இரும்பு காந்தகுணத்தைக் கைகழுவ, மின்னோட்டம் சட்டென்று பல மில்லிமீட்டர் ஆழம் பாய, கணக்கு பாதியில் படுத்துவிடுகிறது.

ராத்திரி முழுக்க ஓட்டியதில் உண்மையாகவே சூடானது மடிக்கணினியின் அடிப்பக்கம் மட்டும்.