தண்ணீர்ப் பீப்பாயோடு போன சாம்பியன்கள்

1899-ல் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், மலைமேல் இருந்த ஒரு சின்னஞ்சிறு கல்லூரி, அந்த நாட்டுக் கால்பந்தில் 12 ஆட்டம் ஆடி 12-லும் ஜெயித்தது. எடுத்த புள்ளிகள் 322. விட்டுக்கொடுத்தவை வெறும் 10. வீரம், விசுவாசம், மலைக்காற்று என்று இதற்குப் பல காரணங்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். முதல் காரணம் டிக்கெட் வசூல்.

எபிஸ்கோபல் திருச்சபையின் 'தெற்குப் பல்கலைக்கழகம்' அது. ஊர்ப் பெயரால் எல்லோரும் சுவானி என்பார்கள். நாஷ்வில் நகரத்து வாண்டர்பில்ட் கல்லூரியோடு ஆடும் ஆட்டத்தில்தான் வருடாவருடம் கூட்டம் குவியும், கல்லா நிறையும். அந்த வசூலைப் பங்கு பிரிப்பதில் தகராறு வந்து, ஆட்டமே நின்றுபோயிற்று. கர்த்தரின் பிள்ளைகள்தான், ஆனாலும் கணக்கு கணக்குதானே!

அணியின் மேனேஜர் லூக் லீ, 20 வயது மாணவர். போன வசூலை ஈடுகட்ட, வேறு பையனாக இருந்தால் நன்கொடை நோட்டைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போயிருப்பான். லீ ரயில்வே கால அட்டவணையை எடுத்தார். போகிற செலவு ஒரே செலவு. வழியில் ஐந்து அணிகளோடு ஆடினால் வசூல் ஐந்து. தூங்குவதற்கு ரயில் பெட்டி இருக்கிறது. பையன்களின் எலும்பு பற்றி அந்தக் கணக்கில் எந்த வரியும் இருந்ததாகத் தெரியவில்லை.

21 ஆட்டக்காரர்கள் கிளம்பினார்கள். போகிற ஊர்த் தண்ணீர் வயிற்றைக் கெடுத்துவிடும் என்று சொந்த ஊர் ஊற்றுத் தண்ணீரைப் பீப்பாய்களில் ஏற்றிக்கொண்டார்கள். தண்ணீரை மறக்காதவர்கள் ஆட்டக் காலணிகளை மறந்து விட்டுவிட்டார்கள் என்றும், பின்னால் வேறு ரயிலில் அவை வந்து சேர்ந்தன என்றும் ஒரு கதை உண்டு. பொய்யாக இருந்தாலும் விட மனமில்லை.

நவம்பர் 9, ஆஸ்டின்: டெக்சஸ் 12-0. மறுநாள் ஹூஸ்டன்: டெக்சஸ் ஏ அண்ட் எம் 10-0. அதற்கும் மறுநாள் நியூ ஆர்லியன்ஸ்: டுலேன் 23-0. 13-ம் தேதி பேட்டன் ரூஜில் எல்எஸ்யு 34-0, 14-ல் மெம்பிஸில் மிசிசிப்பி 12-0. ஆறே நாளில் ஐந்து வெற்றி, சுமார் 4,000 கிலோமீட்டர் பயணம், எதிரணிக்கு ஒரு புள்ளிகூட இல்லை. ஏழாம் நாள் ஓய்ந்திருந்தார்கள் என்று பைபிள் தோரணையில் சொல்லிப் பூரித்துப்போவார்கள் சுவானிக்காரர்கள். ஓய்ந்தது நான்காம் நாள். அது ஞாயிற்றுக்கிழமை, திருச்சபைக் கல்லூரி வேறென்ன செய்யும்?

அன்றைய ஆட்டத்தைப் பார்த்தால் இன்றைய ரசிகர் போலீஸைக் கூப்பிடுவார். முட்டை வடிவப் பந்தை முன்னோக்கி வீச அனுமதி இல்லை. கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கும்பலுக்குள் முட்டிமோத வேண்டியதுதான். தலைக்கவசம் போட்டவர்கள் அபூர்வம். கேப்டன் சைபல்ஸுக்கு டெக்சஸ் ஆட்டத்தில் மண்டை பிளந்தது. கட்டுப் போட்டுக்கொண்டு தொடர்ந்து ஆடினார்.

அந்த 10 புள்ளியையும் கொடுத்தது ஒரே ஆட்டத்தில்: ஆபர்னோடு, 11-10. ஆபர்னின் பயிற்சியாளர் ஜான் ஹைஸ்மன். இன்று கல்லூரிக் கால்பந்தின் மிகப் பெரிய தனிநபர் விருது அவர் பெயரில்தான் தருகிறார்கள். அன்றைக்கு அவர் நடுவர்மேல் பாய்ந்து பத்திரிகைக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். இரண்டே நாள் கழித்து வட கரோலினாவை 5-0 என்று மூச்சுவாங்க முடித்து, தென்மாநிலங்களின் சாம்பியன் என்று எழுதிக்கொண்டது சுவானி.

பிற்காலத்தில் தென்கிழக்கின் பெரிய கல்லூரிகள் சேர்ந்து ஒரு கூட்டமைப்பு அமைத்தபோது, பழைய பெருமையில் சுவானியும் சேர்ந்தது. 37 கூட்டமைப்பு ஆட்டங்கள் ஆடி, 37-லும் தோற்று, 1940-ல் கும்பிடு போட்டுவிட்டு வெளியேறியது.

லூக் லீக்கு மட்டும் பயணத் திட்டம் போடும் பழக்கம் போகவில்லை. பத்திரிகை தொடங்கினார், செனட்டர் ஆனார், முதல் உலகப் போரில் கர்னல் ஆனார். 1919 ஜனவரியில் சில சகாக்களோடு காரில் நெதர்லாந்துக்குள் புகுந்து, அங்கே ஒரு பிரபுவின் மாளிகையில் தஞ்சம் புகுந்திருந்த முன்னாள் ஜெர்மன் சக்கரவர்த்தி கைசரைத் தூக்கிவரப் பார்த்தார். கைசர் அறையைவிட்டு வெளியே வரவே இல்லை. கூட வந்த அதிகாரி ஒருவர், வந்ததற்கு இதுவாவது ஆகட்டும் என்று மாளிகையிலிருந்த சிகரெட் சாம்பல் தட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.