சந்திரிகா காப்பு

1994-95 காலத்தில் யாழ்ப்பாணத்தில் ஒரு வளையலுக்கு ஏக கிராக்கி. பெயர் 'சந்திரிகா காப்பு'. பொருளாதாரத் தடையில் சவர்க்காரத்துக்கும் மண்ணெண்ணெய்க்கும் அலைந்த சனம், கொழும்பில் ஒரு பெண் ஆட்சிக்கு வந்துவிட்டார், இனி எல்லாம் சரிவரும் என்று அவர் பெயரைக் கையில் போட்டுக்கொண்டு திரிந்தது. காப்பு என்றால் பாதுகாப்பு என்றும் ஒரு பொருள் இருக்கிறதே!

சந்திரிகா அம்மையாரின் பரம்பரையை அப்போது நாங்கள் புரட்டிப் பார்த்திருக்க வேண்டும். அப்பா பண்டாரநாயக்கா 1956 இல் சிங்களம் மட்டும் என்றார். அம்மா சிறிமாவோ, உலகின் முதல் பெண் பிரதமர், 1972 அரசியலமைப்பில் பௌத்தத்துக்கு முதலிடம் கொடுத்தார். அப்பா மொழியை எடுத்தாயிற்று, அம்மா சட்டத்தை எடுத்தாயிற்று. பாரிஸில் படித்துவந்த மகளுக்கு மிச்சமிருந்தது யாழ்ப்பாணம்தான். அப்பாவையும் துப்பாக்கிக்குக் கொடுத்தவர், கணவர் விஜய குமாரதுங்கவையும் 1988 இல் வீட்டு வாசலிலேயே துப்பாக்கிக்குக் கொடுத்தவர். இழவு வீடு எப்படியிருக்கும் என்று தெரியாதவர் அல்ல. கோபம் அதனால்தான் கூடுகிறது.

62 வீத வாக்கோடு 1994 நவம்பரில் ஜனாதிபதியானார். சமாதானம் கொண்டுவருவேன் என்றார். நிறைவேற்று அதிகாரமுள்ள ஜனாதிபதி பதவியை 1995 ஜூலை 15 க்குள் ஒழிப்பேன் என்று நாள் குறித்தே சொன்னார். ஏப்ரலில் திருகோணமலையில் கடற்படைப் படகுகளைத் தகர்த்துப் போர்நிறுத்தத்தை முறித்தது புலிகள்தான். அதை மறைக்க மாட்டேன். ஆனால் அதற்குப் பிறகு அம்மையார் கண்டுபிடித்தாரே ஒரு சொல், 'சமாதானத்துக்கான யுத்தம்', அதற்கு ஈடு உண்டா? கசாப்புக் கடைக்கு ஜீவகாருண்ய சங்கம் என்று பலகை மாட்டினால் ஆட்டுக்கு நோகாது என்பது மாதிரி.

பதவி ஒழிய வேண்டிய நாளுக்கு ஆறு நாள் முந்தி, ஜூலை 9, நவாலி புனித பேதுருவானவர் தேவாலயத்தில் தஞ்சம் புகுந்திருந்தவர்கள் மீது சமாதானம் விமானத்திலிருந்து விழுந்தது. நூறு பேருக்கு மேல் செத்தார்கள். அதைச் சொன்ன செஞ்சிலுவைச் சங்கம் அரசிடம் ஏச்சு வாங்கியது. செப்டெம்பரில் செய்திகளுக்குத் தணிக்கை வந்தது. அதே மாதம் யாழ்ப்பாணத்து நாகர்கோவில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மேலும் குண்டு விழுந்தது. ஒக்டோபர் முடிவில், இராணுவம் நெருங்க, ஒரே இரவில் வலிகாமம் முழுவதும், கிழவியும் கைக்குழந்தையும் ஆடும் மாடுமாக, மழையில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்தது. எத்தனை காப்புகள் அன்று அந்தச் சேற்றில் கழன்று விழுந்தனவோ.

டிசம்பரில் கொழும்பில் கூத்து. யாழ்ப்பாணம் பிடிபட்டாயிற்று என்று பிரதிப் பாதுகாப்பு அமைச்சர் அனுருத்த ரத்வத்த, அம்மையாருக்கு மாமன் முறை, பழைய காலத்துச் சேனாதிபதிபோல ஒரு சுருளோலையைக் கொண்டுவந்து கையளித்தார். அம்மையார் ராணி மாதிரி வாங்கிக்கொண்டார். மாமனுக்கு ஜெனரல் பட்டம். சொந்த நாட்டுக் குடிமக்களின் ஊரைத்தான் பிடித்திருக்கிறோம் என்று அந்த மண்டபத்தில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

1999 டிசம்பரில் புலிகளின் குண்டு அவர் வலது கண்ணைப் பறித்தது. அது கொடுமை, நியாயம் சொல்ல ஏதுமில்லை. மூன்று நாளில் மறுபடி வென்றார். ஒழிப்பதாகச் சொன்ன பதவியோ நாளுக்கு நாள் இனித்தது. தேர்தலை ஒரு வருஷம் முந்தியே வைத்துவிட்டதால் அந்த ஒரு வருஷம் நட்டமாகிவிடுமே! ஆகவே 2000 இல் யாருக்கும் தெரியாமல் இன்னொரு தடவை பதவிப்பிரமாணம் செய்துகொண்டாராம். 2004 இல்தான் ஊருக்குச் சொன்னார். களவாகத் தாலி கட்டினவர்களைப் பார்த்திருக்கிறோம், களவாகச் சத்தியப்பிரமாணம் செய்தவரை அப்போதுதான் பார்த்தோம். 2005 ஓகஸ்டில் உச்ச நீதிமன்றம் அந்தக் கணக்கை ஏற்கவில்லை. பதினொரு வருஷம் இருந்து, வீட்டுக்குப் போனார். பொதுத் தேவைக்கென்று எடுத்த பத்தரமுல்லைக் காணி கோல்ஃப் மைதானமானதற்காக 2008 இல் அதே நீதிமன்றம் அவருக்கு 30 லட்சம் ரூபாய் தண்டம் போட்டது.

நவாலிக்கு எத்தனை ரூபாய் என்று எந்த நீதிமன்றமும் கேட்கவில்லை. 2015 இல் அவரைக் கூப்பிட்டு நல்லிணக்க அலுவலகத்துக்குத் தலைவியாக்கினார்கள்.

அவர் ஆட்சியில், 1998 இல், ஒரு சிப்பாய் நீதிமன்றத்தில் நின்று யாழ்ப்பாணத்துச் செம்மணியில் நூற்றுக்கணக்கானோரைப் புதைத்திருக்கிறது என்றான். அடுத்த வருஷம் பதினைந்து உடல்களைத் தோண்டி எடுத்துவிட்டு மண்வெட்டியைக் கழுவி வைத்தார்கள். 2025 இல் மறுபடி தோண்டியபோது எலும்புக்கூடுகள் இருநூறைத் தாண்டின. ஓகஸ்டில், கிடைத்த பொருட்களை வரிசையாகப் பரப்பி, உங்களுடையது ஏதும் இருந்தால் அடையாளம் காட்டுங்கள் என்று சனத்தைக் கூப்பிட்டார்கள். ஒரு பொம்மை கிடந்தது. பக்கத்தில் நீலநிறப் புத்தகப் பை ஒன்று.