மயில் வீட்டைக் கட்டியவருக்கு

ஐயா,

உத்திரமேரூர்ப் பக்கத்தில், ஏரியைப் பார்த்தபடி நீங்கள் கட்டி விற்ற வீட்டில் தை மாதக் கடைசியிலிருந்து குடியிருக்கிறோம். வந்தபோது எனக்கு ஏழாம் மாதம். கூட வந்தவர்கள் என் கணவர், வீரா என்கிற நாட்டு நாய், பஞ்சு, மிளகு என்று இரண்டு பூனைகள். சித்திரையில் மகள் பிறந்தாள். இப்போது ஆனி. கோடையும் பேறுகாலமும் கண்ட பிறகு உங்கள் வீட்டைப் பாராட்டி எழுதுகிறேன். இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

முதலில் கேட். ஏழடி உயரம். இரண்டு கதவிலும் தோகை விரித்த மயில். தோகையின் ஒவ்வொரு கண்ணையும் தனியாக வெட்டி, பற்றவைத்து, தேய்த்து எடுத்திருக்கிறீர்கள். ஊரில் எங்கள் வீட்டுக்கு ‘மயில் வீடு’ என்றே பேராகிவிட்டது. மயிலின் கால் தரையில் உரசக் கூடாது என்று கேட்டை முக்கால் அடி தூக்கி மாட்டியிருக்கிறீர்கள். இன்றுவரை மயிலுக்கு ஒரு கீறல் இல்லை. குடிவந்த இரண்டாம் வாரம், விடியற்காலையில், அந்த முக்கால் அடி வழியாகத் தெருநாய் ஒன்று உள்ளே நுழைந்து வீராவோடு மல்லுக்கு நின்றது. விலக்கப் போன என் முன்கையில் அதன் பல் பதிந்து ரத்தம் வந்தது.

நாய் கடித்தால் முதல் வேலை, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் காயத்தைப் பதினைந்து நிமிடம் கழுவுவது. வெறிநோய்க் கிருமி நரம்பைப் பிடிக்கும் முன் காயத்திலேயே அதைக் குறைக்கிற வழி அது. அறிகுறி தெரிந்துவிட்டால் அந்த நோயிலிருந்து யாரும் மீள்வதில்லை என்றே சொல்லலாம். வாசலிலேயே நீங்கள் ஒரு குழாய் வைத்திருக்கிறீர்கள். யாளி முகம், கனத்த பித்தளை, பார்த்தாலே கோயில் வேலை என்று தோன்றும். ஓடிப்போய்த் திருகினேன். தண்ணீர் வரவில்லை. குழாய்க்குப் பின்னால் வெறும் சுவர்தான் இருந்தது. பைப் இழுக்கவே இல்லை. பக்கத்தில் நீரூற்றுக்கு மட்டும் மோட்டார் இணைப்பு இருந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்பக்கக் குளியலறைக்குப் போய்க் கழுவினேன். அந்த யாளி இன்றைக்கும் புதுசு போலவே மின்னுகிறது. தண்ணீர் பட்ட பித்தளைதான் களிம்பேறும்.

‘மாசமாக இருக்கிற பெண்ணுக்கு ஊசி போடலாமா’ என்று வீட்டில் தயங்கினார்கள். போடலாம், போட்டே ஆக வேண்டும் என்றார் அரசு மருத்துவமனை மருத்துவர். காயத்தைச் சுற்றி ஓர் ஊசி. பிறகு அன்றைக்கு, மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் என்று தடுப்பூசி. வீராவுக்கு வருடா வருடம் போட்டு வந்ததால் பூஸ்டரோடு முடிந்தது. கேட்டின் கீழே தகரம் அடித்தோம். மயிலின் கால் இப்போது தெரிவதில்லை. உங்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

வாயில்லா ஜீவனையும் நீங்கள் மறக்கவில்லை. விற்பனைத் தாளிலேயே ‘செல்லப்பிராணிகளுக்கும் இடமுண்டு’ என்று போட்டிருந்தீர்கள். சொன்னபடியே தோட்டத்து மூலையில் நாய்க்கு ஒரு வீடு: சிவப்புக் கூரை, வளைவு வாசல், பெயர் எழுத ஒரு பலகை. கூரை தகரம். முகம் மேற்கே. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். பங்குனி மதியம் அந்தத் தகரத்தின் கீழ் என் கையை நீட்டிப் பார்த்து உடனே எடுத்துக்கொண்டேன். வீரா அதற்குள் ஒருநாளும் படுத்ததில்லை. அதனால் சிவப்புப் பெயின்ட் உரியவில்லை, பெயர்ப்பலகையில் நகக்கீறலும் இல்லை.

குழந்தைகளுக்கு மணல் தொட்டி கட்டியதற்குத் தனியாகவே நன்றி சொல்ல வேண்டும். பத்தடிக்குப் பத்தடி, சலித்த வெள்ளை மணல், ஓரத்தில் வண்ணக் கல். அதற்கு மூடி இல்லை. சுற்று வட்டாரத்துப் பூனைகளுக்கெல்லாம் அதைவிட நல்ல கழிப்பிடம் கிடைத்திருக்காது.

என் பூனைகளைக் கொண்டுபோய் விட்டுவிடச் சொல்லி ஆறு மாதமாகச் சொந்தபந்தம் அத்தனையும் சொல்லிக்கொண்டிருந்தது. ‘பூனை இருக்கிற வீட்டில் புள்ளத்தாச்சி இருக்கக் கூடாது’ என்றார் என் நாத்தனார். அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி, கர்ப்ப காலத்தில் தாயை முதல் முறையாகத் தொற்றினால், வயிற்றுக் குழந்தையின் கண்ணையும் மூளையையும் பாதிக்கலாம். ஆனால் அது பூனையின் கழிவோடு வெளியே வந்த உடனே தொற்றாது. தொற்றும் பக்குவத்துக்கு வர ஒரு நாளிலிருந்து ஐந்து நாள் ஆகும். வேக வைத்ததைத் தின்று வீட்டுக்குள்ளேயே கிடக்கும் பூனைக்கு அந்தத் தொற்று வருவதே அரிது. அதன் பெட்டியைத் தினமும் வேறொருவர் சுத்தம் செய்தால் கவலையில்லை. என் கணவர் ஒருநாளும் தவறாமல் செய்தார். உண்மையில் பயப்பட வேண்டியது திறந்த மண், சரியாகக் கழுவாத கீரை, அரைவேக்காட்டுக் கறி. மண்ணுக்குள் அது மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். பஞ்சுவையும் மிளகையும் விரட்டச் சொன்ன அத்தனை பேரும் அந்த வெள்ளை மணலைப் பார்த்து ‘குழந்தை விளையாட எவ்வளவு வசதி’ என்றார்கள். நீங்கள் செய்த வேலை அவ்வளவு நேர்த்தி. நாங்கள் மணலை அள்ளிவிட்டுத் தொட்டியில் செங்கல் பாவிவிட்டோம்.

கரையானுக்கு நீங்கள் எடுத்த அக்கறையை யாரும் குறை சொல்ல முடியாது. கிரகப்பிரவேசத்துக்கு ஐந்து நாள் முன்புகூட அஸ்திவார ஓரமெல்லாம் துளை போட்டு மருந்து இறக்கி, கதவு நிலைகளிலும் தெளித்திருந்தீர்கள். என்ன மருந்து என்று கேட்டோம். மேஸ்திரிக்குத் தெரியவில்லை, உங்கள் ஆபீசில் இருந்தவருக்கும் தெரியவில்லை. ‘நல்ல கம்பெனி மருந்து’ என்று மட்டும் சொன்னார்கள். பெயர் தெரியாத மருந்துக்கு டாக்டர் என்ன சொல்வார்? ‘வாசனை போகும்வரை அந்தப் பக்கம் போகாதேம்மா’ என்றார். பூனை தன் பாதத்தை நாள் முழுக்க நக்கிக்கொண்டிருக்கும் பிராணி. நம் உடம்பும் நாயின் உடம்பும் சிதைத்து வெளியேற்றிவிடுகிற பைரித்ராய்டு வகை மருந்தைப் பூனையின் கல்லீரலால் எளிதில் சிதைக்க முடியாது. இது அந்த வகையா என்று சொல்ல ஆளில்லை. பால் காய்ச்சிவிட்டு, மூன்று வாரம் மாமியார் வீட்டில் இருந்தோம். நிலைக்கதவில் ஒரு பூச்சி அரிக்கவில்லை என்பது உண்மை.

சமையலறையில் நீல விளக்கு எரியும் தண்ணீர் சுத்திகரிப்பான். அதன் புற ஊதா ஒளி கிருமியைக் கொல்லும். கருவியும் நல்ல கருவி. எங்கள் ஊர் கிராம சுகாதார செவிலியர் ஒருநாள் என்னைப் பரிசோதிக்க வந்தவர், ‘போர் எங்கே, செப்டிக் டேங்க் எங்கே’ என்று கேட்டார். இரண்டும் ஒரே மூலையில், பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. தோட்டத்தின் அழகு கெடக் கூடாது என்று ஒதுக்கிவைத்திருக்கிறீர்கள். குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் தண்ணீரைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னவரும் அந்த அக்காதான். லிட்டருக்கு 45 மில்லிகிராம் என்ற வரம்பைத் தாண்டி நைட்ரேட் இருந்தது. நைட்ரேட்டுக்கு நிறமில்லை, மணமில்லை. புற ஊதா ஒளி அதை அகற்றாது. கொதிக்க வைத்தால் தண்ணீர் சுண்டி அது இன்னும் கூடும். அந்தத் தண்ணீரில் பால் பவுடர் கரைத்துக் கொடுத்தால் பச்சைக் குழந்தையின் ரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் உடம்பு நீலம் பாரிக்கும். குடிக்கவும் சமைக்கவும் இப்போது பஞ்சாயத்துக் குழாயிலிருந்து பிடித்து வருகிறோம். உங்கள் நீல விளக்கு பழுதில்லாமல் எரிகிறது.

குழந்தைக்கென்றே ஓர் அறை கட்டியிருக்கிறீர்கள். சுவரில் யானை, முயல், மேகம். ஏரியைப் பார்த்து முழுச் சுவருக்கு ஜன்னல். அந்தி மஞ்சள் அந்த அறைக்குள் விழுகிற அழகை எந்தப் பட்டணத்து வீட்டிலும் நான் பார்த்ததில்லை. வலை அடித்தால் காட்சி மறையும் என்று அடிக்காமல் விட்டீர்கள். ஏரிக்கரையில் அந்தி என்பது கொசுவின் நேரம். மகளை நாங்கள் எங்கள் அறையில், கொசுவலைக்குள் கிடத்துகிறோம். யானையும் முயலும் காலியறையைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன.

பின்பக்க மதில் நல்ல உயரம். கட்டி முடித்து மிஞ்சிய செங்கல், மரத்துண்டு, சிமென்ட் சாக்கு எல்லாவற்றையும் அதன் பின்னால் குவித்ததால் முன்னாலிருந்து பார்ப்பவர் கண்ணில் ஒன்றும் படவில்லை. குவியலில் எலி, எலிக்குப் பின்னால் பாம்பு. வீரா ஒரு மாலை அந்த மதிலோரம் நின்று, நகராமல் குரைத்தான். பக்கத்துக் குடியிருப்பிலிருந்து இருளர் பெரியவர் ஒருவர் வந்து, குவியலைக் கிளறிக் கண்ணாடி விரியனைப் பிடித்துக்கொண்டு போனார். இருளர்கள் பாம்பு பிடிப்பதில் தலைமுறை அறிவு உள்ளவர்கள். 1978இல் வடநெம்மேலியில் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, விஷமுறிவு மருந்துக்கு விஷம் எடுத்துக் கொடுப்பவர்களும் அவர்களே. ‘குப்பைய எடுத்துடும்மா, அது பொழப்பப் பாத்துக்கிட்டுப் போயிடும்’ என்றார். ஒரு டிராக்டர் வைத்து ஒரே நாளில் எடுத்துவிட்டோம்.

கடைசியாகப் பெயர்ப்பலகை. தேக்கில் செதுக்கி, உள்ளே விளக்கு வைத்து, மழையிலும் நனையாதபடி கூரை போட்டிருக்கிறீர்கள். சாலை முக்கில் உங்கள் நகருக்கு வளைவும் இருக்கிறது. வளைவிலிருந்து வீடுவரை ஒரு கிலோமீட்டர் மண் பாதை, தெருவிளக்கு இல்லை. ஊராட்சியில் வீட்டு வரி பதியாததால் வீட்டுக்குக் கதவு எண்ணும் இல்லை. வலி எடுத்த இரவு 108ஐ அழைத்தபோது முதலில் கேட்டது முகவரி. தேக்குப் பலகையில் இருக்கிற பெயர் அவர்களுக்கு உதவவில்லை. செவிலியர் அக்கா என் கர்ப்பத்தைப் பதிந்து பிக்மி எண் தரும்போதே ஒரு துண்டுச் சீட்டில் வழி எழுதிக் கொடுத்திருந்தார்: ஏரிக்கரை அய்யனார் கோயில், இடப்பக்கம் புளியமரம், அங்கே ஆள் டார்ச்சோடு நிற்பார். அதைப் படித்தோம். வண்டி வந்தது. மகள் நல்லபடியாகப் பிறந்தாள்.

ஐயா, உங்கள் வீட்டைப் பற்றி என் தீர்ப்பு இது. ஞாயிற்றுக்கிழமை காலையில், வயிற்றில் பிள்ளையில்லாத, மிருகம் வளர்க்காத ஒருவர் அரைமணி நேரம் நின்று பார்ப்பதற்கு இதைவிடச் சிறந்த வீடு இந்த வட்டாரத்தில் இல்லை. நாங்களும் அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை அரைமணி நேரம் பார்த்துத்தான் வாங்கினோம். போரையும் செப்டிக் டேங்கையும் நாங்களும் கேட்கவில்லை. கேட்டது, சம்பளத்துக்கு ஊர் ஊராக நடக்கிற ஒரு செவிலியர்.

பக்கத்து மனையில் அடுத்த வீட்டுக்குக் கடைக்கால் எடுக்கிறீர்கள். அந்த வீட்டுக்கும் ஒருத்தி வயிற்றோடு வருவாள், நாயோ பூனையோ கூட வரும். மயிலை எப்போது வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். முதலில் வாசலில் ஒரு குழாய் போடுங்கள். அதில் தண்ணீர் வரட்டும்.