லயத்து முகமூடியியல்: ஒரு முன்னாய்வு

ஹட்டன், நுவரெலியா வட்டாரத் தேயிலைத் தோட்டங்களைப் பற்றி எழுதப்பட்டவற்றை எல்லாம் அடுக்கிவைக்க, தொழிலாளர் வரிசை வீடான லயத்தின் ஒரு காம்பரா போதாது. 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை போட்டதற்கு ஆய்வாளர் உண்டு. ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம் வருமா வராதா என்று ஆண்டுக்கணக்கில் இழுபட்டு 2021இல் ஒருவழியாக வந்து சேர்ந்ததற்கும் உண்டு. பணிய லயத்துப் பையன் ஒருவன் பிஸ்கட் பெட்டியை வெட்டி ஸ்பைடர்மேன் ஆனால் மட்டும், அதைக் குறித்துவைக்க ஒரு கலாநிதியும் மலையேறி வருவதில்லை. இந்தக் குறையால் அறிவுலகம் வாடியதாகத் தெரியவில்லை. ஆனாலும் குறை குறைதான். தீர்த்துவைப்பது நம் கடமை.

முதலில் வரையறை. கடையில் வாங்காதது, ஏற்கெனவே உள்ள ஒரு வீரனின் முகத்தைப் பார்த்துச் செய்தது, பார்த்தவுடன் இன்னாருடைய முகம் என்று மற்றவர் சொல்லக்கூடியது. இம்மூன்றும் பொருந்தினால்தான் அது இவ்வாய்வுக்குரிய முகமூடி. முதல் நிபந்தனையால் ஏப்ரல் சீசனில் கிரகரி வாவிப் பக்கம் தொங்கும் பிளாஸ்டிக் முகங்கள் அனைத்தும் அடிபட்டுப் போகின்றன. மூன்றாம் நிபந்தனையைக் கறாராகப் பிடித்தால் நம்மிடம் மாதிரிகளே மிஞ்சமாட்டா. எனவே, செய்தவன் தானாக முன்வந்து 'இது பேட்மேன்' என்று சொன்னால் அதையும் ஏற்றுக்கொள்வதென்று முடிவாயிற்று. அறிவியலில் இத்தகைய தளர்வுகள் வழக்கம்தான்.

மூலப்பொருள் பற்றிச் சற்று விரிவாகவே பார்க்கவேண்டும். வெளிநாட்டு முகமூடி ரசிகர்கள் ஈவிஏ என்ற மென்னுரைத் தகட்டைத் தாள் தாளாக வாங்கி, சூடான காற்றுத் துப்பாக்கியால் வாட்டி, வளைத்து ஒட்டுகிறார்கள். முப்பரிமாண வடிவத்தைக் கணினியில் விரித்து, தட்டையான காகிதத் துண்டுகளாக அச்சிட்டுத் தரும் பெப்பக்குரா என்ற ஜப்பானிய மென்பொருளும் அவர்களுக்கு உண்டு. 2015இல் கொழும்பில் தொடங்கிய லங்கா காமிக் கான் போன்ற இடங்களில் இந்த வித்தையெல்லாம் பார்க்கக் கிடைக்கும். தோட்டத்தில் இதற்கு நிகர் என்ன என்று கேட்டால் சிரிப்பவர்கள் கவனிக்க: இன்று காலில் மாட்டும் மலிவான மெத்துச் செருப்புகள் பலவற்றின் அடியும் அதே ஈவிஏதான். அறுந்த செருப்பின் அடியை வட்டமாக வெட்டி விளையாட்டு வண்டிக்குச் சில்லுப் போடுவது லயத்துப் பிள்ளைகளின் பழைய தொழில்நுட்பம். சில்லு ஏறிப் புருவமானதுதான் வளர்ச்சி. அமெரிக்க ரசிகன் டொலர் கொடுத்து வாங்குவதை இங்கே கானுக்குள் பொறுக்கலாம்.

ஆனால் அடிப்படைப் பொருள் காட்போட் மட்டைதான். அதில் தரவரிசை உண்டு. பிஸ்கட் பெட்டி வளைந்து கொடுக்கும், கன்னத்துக்கு ஏற்றது. பால்மாப் பெட்டி விறைப்பானது. அயர்ன்மேனுக்கு மட்டுமே சரிப்படும். சவர்க்காரப் பெட்டியில் செய்தால் உள்ளே வாசம் நன்றாக இருக்கும், ஆனால் வெயிலில் கண் எரியும். மேலாடைக்கு உரப்பை, கட்டுவதற்குப் பழைய பாவாடை லாஸ்டிக். பசைக்குக் கோதுமை மா. ரொட்டிக்கென்று வைத்த மாவில் கைவைப்பதால் எழும் விளைவுகள் இக்கட்டுரையின் எல்லைக்கு வெளியே. வெசாக் கூடு கட்டிப் பழகியவன் மூங்கில் சிம்பால் சட்டம் கட்டி, கண்ணுக்கு வெள்ளைத் திசுத்தாள் ஒட்டுவான். அவனை இத்துறையின் உயர்குழாமாகக் கொள்ளலாம். வெள்ளைக் கண் அற்புதமாக இருக்கும். வெளியே எதுவும் தெரியாது என்பதால் முதல் படிக்கட்டிலேயே விழுவான்.

சூழலியல் காரணிகளையும் ஒதுக்க முடியாது. தென்மேல் பருவமழை இறங்கும் ஜூனில் மஸ்கெலியாப் பக்கம் மலை உச்சிகூட நனையாமல் நிற்பதில்லை. பேட்மேனின் இரண்டு காதும் கால்மணி நேரத்தில் தொங்கி, ஆடு போன்ற ஒரு பிராணி கிடைக்கும். 1868 மீற்றர் உயரத்து நுவரெலியாவில் பனிமூட்டம் இறங்கினால் கறுப்பு உடை வீரன் இருக்குமிடமே தெரியாது. சிவப்பு உடுத்தியவன் மட்டும் தெரிவான். மலைநாட்டில் ஸ்பைடர்மேன் பெருகியதற்கு ஒளியியல் காரணம் இதுவே என்று துணியலாம். தொப்பியும் கழுத்தும் ஒரே வார்ப்பாக இருந்த 1989ஆம் ஆண்டு பேட்மேன் படத்தில் நாயகன் மைக்கேல் கீட்டனால் தலையைத் திருப்ப முடியவில்லை. உடம்போடு சேர்த்தே திரும்பினார். ஹாலிவுட்டுக்கு இந்தச் சிக்கலை அவிழ்க்க 2008 ஆயிற்று. லயத்தில் இந்தச் சிக்கல் எழவேயில்லை. பெட்டி பெரியது, தலை சிறியது. பெட்டி நேராக நிற்க, தலை உள்ளே எந்தப் பக்கமும் சுதந்திரமாகத் திரும்பும்.

இனி ஆய்வின் நடுவிடயம். மேல்நாட்டு வீரர்கள் முகமூடி போடுவது தாம் யாரென்று தெரியாமலிருக்க. 1936இல் லீ ஃபால்க் படைத்த வேதாளன் முதல் இதுதான் விதி. 1962இல் ஸ்பைடர்மேனுக்கு முகம் முழுவதையும் மூடியவர் ஓவியர் ஸ்டீவ் டிட்கோ. உள்ளே இருப்பவன் பையன் என்பதைக்கூட ஊகிக்க முடியாமல் செய்துவிட்டார். இந்தக் கோட்பாட்டை லயத்தில் பரிசோதித்துப் பாருங்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராக்கள் வரிசையாக, ஒரே கூரையின் கீழ். இந்தப் பக்கத்தில் இருமினால் அந்தப் பக்கத்தில் கொத்தமல்லி அவிப்பார்கள். அங்கே ஒருவன் பெட்டியைக் கவிழ்த்துக்கொண்டு, உரப்பை பறக்க, பீலிக்கரைக் கட்டில் ஏறி நின்று உலகைக் காக்கப் போகிறான். தண்ணீர் பிடிக்க வந்த பெரியம்மா நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை.

"ஏய் நாலாங் காம்பரா சின்னவனே, அந்தப் பக்கம் குதிக்காத, அட்டை கடிக்கும்."

பெயரால் அல்ல, காம்பரா எண்ணாலும் பிறப்பு வரிசையாலும் அடையாளம் காணப்பட்டுவிட்டான். அமெரிக்காவில் ஒரு வில்லன் முப்பது இதழ்கள் முயன்றாலும் முடியாத காரியம். பிறகு அம்மா மலையிலிருந்து வருவாள்; கொழுந்து நிறுத்துவிட்டு, இடுப்புப் படங்கு ஈரத்தோடு. "வெறகு எடுத்து வைக்கச் சொன்னேன்ல, மூஞ்சில கெடக்குறத கழட்டு மொதல்ல" என்பாள். மழைக்குத் தலையிலிருந்து முதுகுவரை அவள் போர்த்திருக்கும் பொலித்தீனும், அதற்கு முன் பாட்டிமார் போர்த்திய கம்பளியும்தான் இவ்வட்டாரத்தின் உண்மையான வீரர் மேலாடை என்று ஒரு தனி ஆய்வுக்கே இடமுண்டு. அவளுக்கு நேரமில்லை என்பதால் ஒத்திவைக்கிறோம்.

ஆக, இங்கே முகமூடி ஆளை மறைப்பதில்லை. மறைக்கவேண்டிய தேவையும் இந்தச் சனங்களுக்கு ஒருபோதும் இருந்ததில்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தோட்டத்து மக்களில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இல் பிரதமர்கள் சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்து இவ்வளவு பேர் இந்தியாவுக்கு, இவ்வளவு பேர் இங்கே என்று பிரித்தார்கள். 2003ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகுதான் எஞ்சியவர்கள் கணக்கும் தீர்ந்தது. 'நான் இன்னார்' என்று காட்ட ஒரு துண்டுக் காகிதம் தேடி இரண்டு தலைமுறை கச்சேரி வாசலில் நின்றது. அடையாளத்தை ஒளித்துவைப்பது, அது பெட்டியில் பத்திரமாக இருக்கிறவர்களின் பொழுதுபோக்கு. பேட்மேனாகிய புரூஸ் வெயினிடம் பிறப்புச் சான்றிதழ் இருந்திருக்கும்.

மறைப்பதற்கில்லை என்றால் முகமூடி எதற்கு? விடை மாசி மாதத்தில் கிடைக்கிறது. அமாவாசை கழிந்த மூன்றாம் பிறையில் கம்பம் ஊன்றி, பௌர்ணமியை ஒட்டி மன்மதன் எரிவதோடு முடியும் காமன் கூத்துதான், நமது ஆய்வின்படி, இப்பகுதியின் முதல் வீரமுகப் பிரதி இயக்கம். ரதியாகவும் மதனாகவும் ஆடுபவர்கள் காப்புக் கட்டி விரதம் இருப்பார்கள். கண்ணாடித் துண்டும் ஜிகினாத் தாளும் ஒட்டிய கிரீடம், முகத்தில் அரிதாரம். ஈஸ்வரன், தூதன், வீரபத்திரன், எமன் என்று ஒவ்வொருவராக இறங்குவார்கள். பகலில் கவ்வாத்துக் கத்தியோடு மலையில் நின்றவர்தான் எமன் என்பது கூட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தேதான் பிள்ளைகள் அலறிக்கொண்டு ஓடுகிறார்கள், பெரியவர்கள் வழிவிடுகிறார்கள். மறுநாள் அதே ஆள், வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் துரைக்கு முன்னால் கைகட்டி நிற்பார். முந்திய இரவு அவர் எமனாக இருந்தது அதனால் பொய்யாகிவிடாது. யார் என்று தெரிந்துகொண்டே இன்னொருவராக இருக்க அனுமதி கொடுப்பதுதான் இங்கே நடக்கிறது. பீலிக்கரைப் பையனுக்கும் பெரியம்மா அந்த அனுமதியைக் கொடுத்தாள். ஸ்பைடர்மேன் வேலையை நிறுத்து என்று சொல்லவில்லை. அட்டை உள்ள பக்கம் குதிக்காதே என்றுதான் சொன்னாள்.

இங்கே ஓர் ஆட்சேபம் வரும்: கூத்தில் பூச்சுத்தானே, முகமூடி எங்கே? நியாயமான கேள்வி. முகமூடி வேண்டுமென்றால் அம்பலாங்கொடைக்குப் போகவேண்டும். அங்கே கதுரு மரத்தில் குடைந்து, சன்னி யக்குகள் என்ற பதினெட்டு நோய்ப் பேய்களுக்கும் தனித்தனி முகம் செய்கிறார்கள். இன்று உல்லாசப் பயணிகளின் சுவருக்கென்று சிறிதாகவும் செய்கிறார்கள். தலையில் ஏறாத முகமூடியை முகமூடி என்று ஒத்துக்கொள்ளும் உலகம், கழுவினால் போகும் முகமூடியை ஏன் ஒத்துக்கொள்ளக்கூடாது? ஆட்சேபம் தள்ளுபடி.

எரிந்த மன்மதனைப் பற்றி இன்னொன்று. ரதி அழுது மன்றாடியதால் சிவன் அவனை மீட்டுக் கொடுத்தார். ஆனால் ரதியின் கண்ணுக்கு மட்டும் தெரிவான், மற்றவருக்கு உருவமில்லை. இதை 1972இல் முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்த இரும்புக்கை மாயாவியோடு ஒப்பிடுக. மின்சாரம் பாய்ந்தால் அந்த ஆள் மறைந்துவிடுவார். இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும். (ஸ்பைடர்மேனும் இவரும் 1962 என்ற ஒரே ஆண்டில் பிறந்தவர்கள், ஒருவர் அமெரிக்கா, மற்றவர் இங்கிலாந்து.) இவ்விரு சான்றுகளிலிருந்து நாம் பெறுவது மறைப்பின் கசிவு விதி: முற்றாக மறைபவன் கதைக்கு உதவான், ஓரிடத்திலாவது தெரிந்தாகவேண்டும். மதனுக்கு அந்த இடம் ரதியின் கண். மாயாவிக்குக் கை. லயத்துப் பையனுக்கு, பெட்டிக்குக் கீழே தெரியும் அண்ணனின் பழைய களிசான். மாயாவி அக்காலத்துத் தோட்டங்களில் ஏன் வேரூன்றவில்லை என்ற துணைக் கேள்விக்கும் விடை எளிது. லயங்களில் குப்பி விளக்கு. மறைவதற்குத் தேவையான மின்சாரம் துரை பங்களாவில்தான் இருந்தது.

துல்லியம் பற்றிய சர்ச்சையை விரைவாகக் கடந்துவிடலாம். மேல்நாட்டு ரசிகர் திரையில் தெரிந்தபடி கோட்டுக்குக் கோடு இருக்கிறதா என்று பார்ப்பார். கூத்தில் அந்த வேலையைப் பழைய ஆட்டக்காரர்கள் செய்கிறார்கள்: "போன வருச எமன் மாதிரி வரல." எந்த வருசத்து எமன் சரியானவன் என்று கேட்டால், தாம் ஆடிய வருசத்தைச் சொல்வார்கள். பையன்களிடமும் இரு கட்சி உண்டு. தோட்டத்தின் மேல் பிரிவான மேக்கணக்குக் கட்சி படத்தை ஃபோனில் நிறுத்தி நிறுத்திப் பார்த்து வரையும். கீழ்ப் பிரிவான பணியக்கணக்குக் கட்சி ஒருமுறை பார்த்ததை நினைவிலிருந்து செய்யும். இரண்டாம் கட்சியின் கைவண்ணம் கந்தசாமி படத்துச் சேவலுக்கும் தோருக்கும் நடுவில் எங்கோ நிற்கும். எனக்கு அதுதான் பிடிக்கும். 2021இல் மின்னல் முரளி படம் வந்தபோது இக்கட்சிக்குப் பெரிய வெற்றி: நாயகனே தையற்காரன், உடை வெளியூரிலிருந்து வரவேண்டியதில்லை என்பது திரையிலேயே நிரூபணமாயிற்று.

பாதுகாப்பு நிலை கவலைக்கிடம். கம்பளைக்குப் பக்கத்தில் பாரதெக்காவில் பழைய லயத்திலேயே தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் ஒன்று இயங்குகிறது. ஒரு முகமூடியைக் கொண்டுபோய் அங்கே வைக்க எண்ணுபவர் முதலில் ஒன்று மிஞ்சியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். மழைக்குத் தப்பியது உருளைக்கிழங்குப் பாத்தியில் பன்றி விரட்ட வெருளிக்குப் போகும். அங்கேயும் தப்பியது, விறகு ஈரமான காலையில் அடுப்புக்குப் போகும். மாவுப் பசை உலர்ந்த மட்டை சட்டென்று பற்றிக்கொள்வதை அம்மாக்கள் மிகவும் மெச்சுகிறார்கள். பையன் ஒரு நாள் முகத்தைத் தூக்கிவைத்திருப்பான். மறுநாள் கடைக்குப் போய், வெற்றுப் பெட்டி இருக்கிறதா என்று கேட்பான். கடைக்கார முதலாளிக்கு எந்தப் படம் வந்திருக்கிறது, எந்தப் படம் வரப்போகிறது என்பதெல்லாம் இப்படித்தான் தெரியவருகிறது. கணக்குக் கொப்பியிலிருந்து தலையை எடுக்காமலே விசாரிப்பார்:

"வளையிற பெட்டியா, வெறச்ச பெட்டியா?"