கடைசி நாற்காலிக்காரர் செய்த பாவம்

பிளாக்ஜாக் மேசையில் இரண்டு சட்டங்கள் செல்லுபடியாகின்றன. ஒன்று கேசினோ போட்டது. மற்றொன்று ஆட வந்தவர்கள் தங்களுக்குள் போட்டுக்கொண்டது. முதலாவதற்குக் காரணம் இருக்கிறது. இரண்டாவதற்குக் கோபம் மட்டும்தான் இருக்கிறது. லாஸ் வேகஸில் முதல் சட்டத்தை மீறினால் டீலர் சிரித்த முகத்தோடு திருத்துவார். இரண்டாவதை மீறினாலோ பக்கத்து நாற்காலிக்காரர் முறைப்பார், அதற்கடுத்தவர் முணுமுணுப்பார், மூன்றாமவர் எழுந்தே போய்விடுவார். இந்தக் கோபத்தால் சல்லிக்காசு பயனில்லை என்பது ஒரு பக்கம். கோபப்பட வேண்டிய இடத்தில் ஆட்டக்காரர்களை வாய் திறக்காமல் வைத்திருப்பதே இதுதான் என்பது என் கட்சி.

கேசினோவின் சட்டங்களை முதலில் பார்த்துவிடலாம். பணத்தை டீலரின் கையில் கொடுக்கக் கூடாது; மேசைமேல் வைக்க வேண்டும். அவர் நோட்டுகளை ஒவ்வொன்றாகப் பரப்பி வைத்து எண்ணுவார். இன்னொரு சீட்டு வேண்டுமென்றால் விரலால் மேசையைத் தட்ட வேண்டும். போதுமென்றால் உள்ளங்கையைச் சீட்டுக்கு மேலே பக்கவாட்டில் அசைக்க வேண்டும். வாயால் சொன்னால் போதாது, ஏனெனில் கூரையில் இருக்கும் கேமராவுக்குக் கண்தான் உண்டு. நாளைக்குத் தகராறு வந்தால் ஓட்டிப் பார்க்கக் கையசைவு வேண்டும். சீட்டு விழுந்த பிறகு கட்டிய சில்லைத் தொடக் கூடாது என்பதும் இப்படித்தான்: நல்ல சீட்டு வந்ததும் நைசாக இரண்டு சில்லைச் சேர்த்து வைப்பது உலகப் பழைய வித்தை. டீலரும் இந்தச் சந்தேகத்துக்கு விலக்கில்லை. மேசையை விட்டுப் போகும்போது இரு கைகளையும் தட்டி, உள்ளங்கையையும் புறங்கையையும் திருப்பிக் காட்டிவிட்டுத்தான் நகர்வார். ஆட்டக்காரர் கையை விரிப்பதற்கு இந்தச் சடங்கெல்லாம் வேண்டியதில்லை. அது தானாகவே நடக்கும்.

இனி மக்கள் சட்டம். அதன் தலையாய குற்றவாளி, டீலரின் சீட்டுக்கு முன்பாகக் கடைசியாக ஆடும் நாற்காலிக்காரர். காட்சி இது: டீலரின் திறந்த சீட்டு 6. இது டீலருக்கு மோசமான சீட்டு. நூற்றுக்குச் சுமார் 42 தடவை அவர் 21-ஐத் தாண்டித் தோற்பார். மேசையே சும்மா இருந்து அந்த விபத்துக்காகக் காத்திருக்கிறது. கடைசி நாற்காலிக்காரர் கையில் 12. அவரும் சும்மா இருப்பதே சரி. ஆனால் அவர் விரலால் தட்டுகிறார். ராஜா வருகிறது, 22, அவுட். டீலர் மூடிய சீட்டைத் திருப்பினால் 10, மொத்தம் 16. விதிப்படி இன்னொன்று எடுக்கிறார். 5. இருபத்தொன்று. ஆறு பேர் பணமும் போயிற்று. அந்த ராஜா டீலருக்கல்லவா போயிருக்க வேண்டும்! அவ்வளவுதான், அந்த மனிதர் குடும்பத்தோடு சபிக்கப்படுகிறார்.

“கண்ணால் பார்த்ததைப் பொய் என்கிறாயா?” என்று கேட்பார்கள். பொய்யில்லை, பாதி. பெட்டிக்குள் அடுத்தடுத்து இரண்டு சீட்டுகள் கவிழ்ந்து கிடக்கின்றன. டீலருக்கு முதலாவது போகட்டுமா, இரண்டாவது போகட்டுமா என்று முன்கூட்டியே கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. இரண்டுமே பார்க்காத அதே குவியலிலிருந்து வந்தவை. ராஜாவாக இருக்க இரண்டுக்கும் ஒரே வாய்ப்பு. கடைசி நாற்காலிக்காரர் ஒரு சீட்டை எடுத்ததால் மற்றவர்களுக்கு நல்லது நடக்கவும் கெட்டது நடக்கவும் சரிசமமாக வழி திறக்கிறது. அவர் 5-ஐ எடுத்துக்கொண்டு ராஜாவை டீலரிடம் தள்ளிவிட்ட நாட்களும் இருக்கத்தான் செய்கின்றன. அப்போது யாரும் எழுந்து அவருக்கு மாலை போடுவதில்லை. தங்கள் சாமர்த்தியத்தில் ஜெயித்ததாக நினைத்துக்கொண்டு சில்லை அடுக்கிக்கொண்டிருப்பார்கள். அவர் தப்பாக ஆடுகிறார் என்பது உண்மையே. அந்தத் தப்புக்கான அபராதத்தை அவர் மட்டுமே கட்டுகிறார்.

அவர் மந்தமாகவும் ஆடுகிறார் என்பது அடுத்த குற்றச்சாட்டு. விரலை எடுக்கிறார், வைக்கிறார், கூரையைப் பார்க்கிறார். இவரைத்தான் நான் கையெடுத்துக் கும்பிடச் சொல்வேன். டீலரோடு தனியாக உட்கார்ந்தால் மணிக்கு 200 ஆட்டம்கூட ஓடும். நிரம்பிய மேசையில் 60 தாண்டுவதே கஷ்டம். கணக்குப்படி ஒவ்வொரு ஆட்டத்திலும் கொஞ்சம் இழக்கிறவர், ஆட்டத்தின் எண்ணிக்கையைக் குறைப்பவருக்குக் காபி வாங்கித் தர வேண்டாமா?

ஏன் இழக்கிறோம்? ஆடும் வரிசையில் ஒரு சூழ்ச்சி இருப்பது உண்மை, ஆனால் அது கடைசி நாற்காலியில் இல்லை. எல்லோருக்கும் பிறகு டீலர் ஆடுவதில் இருக்கிறது. நீங்கள் 21-ஐத் தாண்டினால் பணம் அப்போதே போய்விடும். பிறகு டீலரும் தாண்டினால் அது திரும்பி வராது. கேசினோவின் மூலதனமே இந்த ஒரு விதிதான். அமெரிக்க ராணுவத்தில் இருந்த நான்கு பேர், மேசைக் கணக்குப் பொறிகளைத் தட்டித் தட்டி, எந்தக் கைக்கு எப்படி ஆடினால் இழப்பு குறையும் என்று 1956-இல் புள்ளியியல் இதழ் ஒன்றில் வெளியிட்டார்கள். அந்த வழியில் ஆடினால், நல்ல விதிகள் உள்ள மேசையில் கேசினோவின் ஆதாயம் நூற்றுக்கு அரை அளவில் நிற்கும். அந்த அட்டவணை கேசினோவின் கடையிலேயே அட்டையாக விற்கிறது. மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டும் ஆடலாம். எதிரி தானே ஆயுதம் விற்கிறான் என்றால் வேறெங்கோ பலமாக இருக்கிறான் என்று அர்த்தம்.

அந்த இடம் மேசை விரிப்பிலேயே கொட்டை எழுத்தில் அச்சாகியிருக்கிறது. முதல் இரண்டு சீட்டிலேயே ஏஸும் பத்து மதிப்புள்ள சீட்டும் வந்தால் அது பிளாக்ஜாக். வழக்கப்படி 10 டாலர் கட்டியவருக்கு 15 கிடைக்க வேண்டும். அதாவது இரண்டுக்கு மூன்று. 2000-களின் தொடக்கத்திலிருந்து லாஸ் வேகஸில் ஐந்துக்கு ஆறு என்ற மேசைகள் பெருகின. அங்கே அதே 10 டாலருக்கு 12. ஐந்து, ஆறு என்று எண்கள் பெரிதாக இருப்பதால் இதுதான் தாராளம் என்று நினைத்து உட்காருபவர்களும் உண்டு. இந்த ஒரு மாற்றம் கேசினோவின் ஆதாயத்தில் சுமார் 1.4 சதவீதத்தைக் கூட்டுகிறது. எடைக்கல்லே குறைந்திருக்கும் கடையில் நின்றுகொண்டு, முன்னால் நின்றவர் நல்ல கத்தரிக்காயைப் பொறுக்கிக்கொண்டார் என்று சண்டை போடுவதற்கும் இந்த மேசையில் கடைசி நாற்காலிக்காரரைத் திட்டுவதற்கும் என்ன வித்தியாசம்?

“ஒன்றரை சதவீதம்கூட இல்லை, இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?” என்பது நியாயமான கேள்விதான். பிளாக்ஜாக் சுமார் 21 ஆட்டத்துக்கு ஒரு முறை வரும். மணிக்கு 80 ஆட்டம், ஆட்டத்துக்கு 10 டாலர் என்றால் நாலு தடவை போல வரும். ஒவ்வொன்றிலும் 3 டாலர் குறைகிறது. பழைய மேசையில் சரியாக ஆடுபவரின் சராசரி இழப்பு மணிக்கு 4 டாலர் என்றால் புதிய மேசையில் 15-ஐ ஒட்டிப் போகும். ஏறக்குறைய நாலு மடங்கு. “சந்தோஷத்துக்குத்தானே வருகிறோம், கணக்குப் பார்க்கவா?” என்பவர்களோடு எனக்கு வழக்கில்லை. சந்தோஷம் விலை கொடுத்து வாங்கக் கூடியதுதான். ஆனால் அப்படி வந்தவர் பக்கத்திலிருப்பவர் சந்தோஷமாகத் தப்பாக ஆடுவதையும் பொறுத்துக்கொள்ள வேண்டும். அதற்கு மட்டும் கணக்குப் பேசக் கூடாது.

இன்ஷூரன்ஸ் விஷயத்திலும் இதே கூத்து. டீலரிடம் ஏஸ் தெரிந்தால், உள்ளே பத்து இருக்கும் என்று தனியாகப் பணம் கட்டலாம். இருந்தால் இரண்டு மடங்கு. ஆறு சீட்டுக்கட்டுகளில் அந்த ஏஸ் போக மீதியுள்ள 311 சீட்டுகளில் பத்து மதிப்புள்ளவை 96. மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. நூறு டாலருக்கு ஏழு டாலருக்கு மேல் நஷ்டம். ஆனால் உங்கள் கையில் பிளாக்ஜாக் இருக்கும்போது இதை வேண்டாமென்று சொல்லிப் பாருங்கள்: மேசையே பதறி, எடுத்துக்கொள்ளச் சொல்லிப் புத்தி சொல்லும்.

கேசினோவின் பார்வையில் மரியாதை கெட்டவர் யார் என்பதையும் பார்க்க வேண்டும். எட்வர்ட் தார்ப் என்ற கணிதப் பேராசிரியர் 1962-இல் வெளியிட்ட புத்தகத்தில், போன சீட்டுகளை மனத்தில் எண்ணிவைத்து ஆடினால் ஜெயிக்க முடியும் என்று காட்டினார். அப்படி எண்ணுபவர் பெரும்பாலும் சாது. விரலைச் சரியாகத் தட்டுவார், டீலருக்கு டிப்ஸ் வைப்பார், யாரையும் திட்ட மாட்டார். நெவாடாவில் அவரை வெளியே போகச் சொல்லலாம். நியூ ஜெர்சியில் சீட்டு எண்ணி ஆடிய கென் அஸ்டன் தொடுத்த வழக்கில், எண்ணுகிறார் என்பதற்காக ஒருவரைத் தடுக்கக் கேசினோவுக்கு அதிகாரமில்லை என்று 1982-இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதால், அங்கே எண்ணுபவர் உட்கார்ந்ததும் சீட்டை அடிக்கடி கலைத்துப் போடுகிறார்கள். கடைசி நாற்காலிக்காரரைத் திட்டித் தீர்த்த பெரிய மனிதருக்கோ இலவசச் சாப்பாட்டுக் கூப்பன் வருகிறது. கட்டிய தொகை, உட்கார்ந்த நேரம், ஆட்டத்தின் வேகம், மேசையின் ஆதாயச் சதவீதம் எல்லாவற்றையும் பெருக்கி, அவர் இழக்கப்போவது எவ்வளவு என்று பார்த்து, அதில் ஒரு பங்கைத்தான் கூப்பனாகக் கொடுக்கிறார்கள். ஐந்துக்கு ஆறு மேசையில் உட்கார்ந்தவருக்குக் கொஞ்சம் சீக்கிரமே பசி தீரும்.