பகற்காட்சிக்கு எதிரி யார்?

கேள்வி: மாத்தளையில் திறந்தவெளித் திரை அமைத்து, காரில் அமர்ந்தபடி பகற்காட்சி பார்க்க முடியுமா?

பதில்: புரொஜெக்டர் ஒளியை வீசுமே தவிர இருளை வீசாது, படத்தின் கறுப்பு என்பது ஒளி விழாத வெண்திரையே ஆதலால், வெயிலில் முதலில் காணாமற்போவது வில்லன் பதுங்கும் நிழல்தான். அரங்கத் திரையின் ஒளிர்வு, அதாவது ஒரு சதுர மீற்றர் பரப்பு கண்ணை நோக்கி அனுப்பும் ஒளியின் அளவு, ஏறத்தாழ 48 கண்டெலாவாக இருக்க, நேர் வெயில் படும் வெண்திரையோ 30,000 கண்டெலா வரை ஒளிர்வதால், எந்த நாயகனாலும் சூரியனை வெல்ல இயலாது. சென்னை ஈஞ்சம்பாக்கத்துப் பிரார்த்தனா திறந்தவெளி அரங்கும் இருட்டத் தொடங்கிய பிறகே படம் காட்டியது. நிலநடுக்கோட்டுக்கு அண்மையிலுள்ள மாத்தளையிலோ ஆண்டு முழுவதும் ஆறே முக்காலுக்குள் பொழுது சாய்ந்து, அந்தி வெளிச்சமும் விரைவில் அடங்கிவிடுவது பெரும் வாய்ப்பு. பகலில்தான் வேண்டுமெனில் தானே ஒளிரும் எல்இடி திரை தேவை. செலவைக் கருதினால், ஏழேகால் மணிக் காட்சியே சிறந்தது.